தண்டவாளக் கணக்கு – 14: ஒரு டாலரில் லாஸ் ஏஞ்சலஸ்

ஒரு பயணியை ஏற்றிச்செல்ல ஆகும் செலவில் கணிசமான பங்கை ரயில்வேயே சுமக்கிறது என்பதைப் போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஸ்பெயின் ரயில்களைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். குறிப்பு தேடப் போன இடத்தில் 1887 மார்ச் 6 என்ற தேதி வந்து காலைச் சுற்றிக்கொண்டது. ஸ்பெயின் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அந்தத் தேதி பதில் சொல்லும் கேள்வி, கோவில்பட்டி வாசகர் ஒருவர் கேட்டது: "வரத்து அதிகமானா தக்காளி விலை இறங்குதே சார், ரயில் அதிகமா விட்டா டிக்கெட் விலை ஏன் இறங்காது?"

லாஸ் ஏஞ்சலஸுக்கு 1876-ல் நெடுந்தூர ரயிலைக் கொண்டுவந்தது சதர்ன் பசிபிக் கம்பெனி. வேறு ஆள் இல்லாததால் அது வைத்ததுதான் விலை. மிசிசிப்பி பக்கமிருந்து அங்கே போக 125 டாலர் கேட்டார்கள். 1885-ல் சான்டா ஃபே கம்பெனி நுழைந்ததும் குத்துவெட்டு ஆரம்பித்தது. இவர்கள் 5 குறைத்தால் அவர்கள் 10 குறைப்பார்கள். அந்த 1887 மார்ச் 6 அன்று காலை, கான்சாஸ் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 12 டாலர். இரண்டு கம்பெனியும் மாறிமாறி வெட்ட, 8, 6, 4 என்று இறங்கி, மதியம் தாண்டியதும் ஒரே ஒரு டாலர்! 2,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் அது. காலை 12 டாலர் கொடுத்து வாங்கியவர் மதியம் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஒரு டாலர் அன்றோடு சரி. ஆனாலும் பல மாதங்களுக்குக் கட்டணம் 25 டாலரைத் தாண்டவில்லை. ஜனம் மொய்த்தது. சான்டா ஃபே தினமும் மூன்று, நான்கு ரயில்களைக் கொண்டுவந்து இறக்கியது. 1880-ல் 11,183 பேர் இருந்த ஊரில் 1890-ல் 50,395 பேர். பின்னாலேயே மனை வியாபாரிகளும் வந்தார்கள். பாலைவனத்து முள்மரங்களில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகிவைத்து, "பாருங்கள், தோப்பு!" என்று மனை விற்றதாக ஒரு கதை உண்டு. நம்மூர் மனைக்காரர்கள் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

கோவில்பட்டிக்காரர் கவனிக்க வேண்டியது வரிசையை. ரயில் கூடியதால் விலை இறங்கவில்லை. விலை இறங்கியதால் கூட்டம் வந்தது, கூட்டம் வந்ததால் ரயில் கூடியது. விலையை இறக்கியது இரண்டாவது கவுன்டர், அதாவது போட்டிக் கம்பெனி. கம்பெனிகள் சமாதானமானதும் கட்டணம் மறுபடி ஏறிவிட்டது.

இது நமக்குப் புதிதில்லை. கோவில்பட்டிக்காரர் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் தூத்துக்குடி. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, சுதேசி எட்டணாவுக்கு வந்தது, அவர்கள் இலவசம் என்றார்கள், குடையும் கொடுத்தார்கள் என்றெல்லாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டிக்கு ஆளில்லாத துறைமுகத்தில் யார் குடை கொடுப்பார்கள்?

சரி, நம் ரயிலுக்கு வருவோம். இங்கே கவுன்டர் ஒன்றுதான். கட்டணம் டெல்லியில் கிலோமீட்டர் கணக்கில் நிர்ணயமாகிறது. சென்னை–நெல்லைக்கு ஒரு ரயில் ஓடினாலும் பத்து ஓடினாலும் அதே வகை ரயிலில் அதே தூரத்துக்கு அதே காசு. போதாததற்கு, கூட்ட நாளில் ரயிலைக் கூட்டினால் விலை ஏறுகிறது! தீபாவளிக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். டீ ஆறுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட், அப்புறம் ‘ரெக்ரெட்’, அதாவது வெயிட்டிங் லிஸ்டிலும் இடமில்லை. பிறகு சிறப்பு ரயில் அறிவிப்பார்கள். சிறப்புக் கட்டணம் என்றால் இரண்டாம் வகுப்புக்கு அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம், மற்ற வகுப்புகளுக்கு 30 சதவீதம் கூடுதல்.

அப்படியானால் கூடுதல் ரயிலால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் சாதாரண டிக்கெட் கட்டணத்தில் இல்லை. தட்கலுக்கும் பிரீமியம் தட்கலுக்கும் கூடுதலாக அழவேண்டியிருக்காது. கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ்காரர் வாய்க்கு வந்த விலை சொல்லவும் யோசிப்பார். ஆகவே என் தீர்ப்பு: கூடுதல் ரயில் டிக்கெட் விலையைக் குறைக்காது; ஊருக்குப் போய்வரும் செலவைக் குறைக்கும்.

ஆசிரியரிடமிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது, அதனால் ஸ்பெயினுக்கு இப்போது ஒரு முன்னோட்டம் மட்டும். ஸ்பெயினில் மாட்ரிட்–பார்சிலோனா தடத்தில் அரசு ரயிலுக்கு எதிராக 2021-ல் ஒன்று, 2022-ல் இன்னொன்று என்று போட்டிக் கம்பெனிகள் இறங்கின. முதலில் வந்தது 9 யூரோவிலிருந்து டிக்கெட் விற்றது. கூடுதல் ரயிலும் கூடுதல் கவுன்டரும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் கட்டாயம் பார்ப்போம். அதற்குள் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு ரயிலை நம்பி உட்கார்ந்திருந்தால் ஸ்லீப்பருக்கே அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம் கூடுதலாகப் போகலாம்.