அதியர் குடிவழி: பெயர்த் தொடர்ச்சியும் மரபுத் தொடர்ச்சியும்

தகடூரை ஆண்ட அதியர் வரலாறு, சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. சங்ககால அஞ்சி முதல் சோழர் காலத்து விடுகாதழகிய பெருமாள் வரை இக்குடியினரை ஒரே கொடிவழியாக வரைந்து காட்டுவோர் பலர். அவ்வாறு வரைதற்குச் சான்று எத்துணை உண்டு என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

தொன்மைச் சான்று இரு வகையாற் கிடைக்கின்றது. அசோகர் தம் கல்வெட்டிற் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரரையும் வேறாக எண்ணுகின்றார். சத்தியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் வினாவிற்கு, 1981இல் திருக்கோவிலூரை அடுத்த சம்பையிற் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு விடை தந்தது. அப்பெயரோடு அதியன், நெடுமான், அஞ்சி என்னும் பெயர்களும் அதன்கண் ஒருங்கே நிற்கின்றன. அஞ்சியின் மகன் பொகுட்டெழினி என்பது ஔவையார் பாடல்களால் விளங்கும். ஆகவே தந்தை, மகன் என்னும் ஒரு கண்ணி ஐயமின்றிப் பெறப்படுகின்றது.

அக்காலத்துச் சேரர் இவர்க்குப் பகைவராயினர். பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்துப் போரில் அதிகமானை வென்று தகடூரை அழித்தான் எனப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறும். அவ்வெற்றியைப் பாடிய அரிசில்கிழாரே, போரில் வீழ்ந்த எழினிக்கு இரங்கியும் பாடினார்.

பின்னர்ப் பல நூற்றாண்டு மறைந்த இப்பெயர், எட்டாம் நூற்றாண்டளவில் நாமக்கற் குன்றில் மீண்டும் தோன்றுகின்றது. ஆங்குள்ள அரங்கநாதர் குடைவரை, அதியர் மரபினனாகிய குணசீலன் அமைத்தது. அதன் பெயர் அதியேந்திர விண்ணகரம். அந்நூற்றாண்டிற் பாண்டியன் நெடுஞ்சடையன் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் என்னும் இடங்களில் அதியனை வென்றான் என்றும், அதியனுக்குத் துணைவந்தோர் பல்லவனும் கேரளனும் என்றும் அவனுடைய செப்பேடு கூறுகின்றது. பண்டைப் பகைவன் ஈண்டுத் துணைவனாகின்றான்.

மூன்றாம் நிலை, போளூரை அடுத்த திருமலைக் கல்வெட்டிற் காணப்படுவது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவனும், இராசராசன் என்பானின் மகனுமாகிய விடுகாதழகிய பெருமாள், சேர மரபினனாகிய எழினி முன்னர் அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்தான். அவ்வெழினியின் வழியினன் எனத் தன்னையும் அவன் கூறிக்கொள்கின்றான். சங்ககாலத்திற் சேரனாற் பாழ்பட்ட குடி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டின் பின் தன்னைச் சேரர் குடியாகவே உரைத்தல் நோக்கத்தக்கது. மணவுறவால் வந்ததோ, அரசியல் நட்பால் வந்ததோ, பெருங்குடிப் பெயரை ஏற்கும் விழைவால் வந்ததோ, இம்மாற்றத்தின் காரணம் கல்வெட்டிற் சொல்லப்படவில்லை.

கொடிவழி துணிதற்கு அளவுகோல் யாது? கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டு, சேரர் மூன்று தலைமுறையினரைத் தந்தை, மகன், பெயரன் என முறைப்படக் கூறுகின்றது. அத்தகையதே கொடிவழிச் சான்று. இடைக்கால ஆங்கில உயர்குடியினர்க்கும் இதுவே நெறி. நிலமுடையோன் இறப்பின் அவன் வழித்தோன்றல் யாவன், அகவை யாது என அரசு அலுவலர் உசாவி எழுதும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு முதல் அந்நாட்டில் இருந்தது. அவ்வேடுகளை அறிஞர் ஏற்பர். 16ஆம் நூற்றாண்டிற் குடிவரைவோர் பெருமை கருதிப் புனைந்து சேர்த்த முன்னோரை விலக்குவர்.

இவ்வளவையாற் காணின், அதியர்க்கு அஞ்சி, பொகுட்டெழினி என ஓரிணையும், இராசராசன், விடுகாதழகியன் என மற்றோரிணையுமே தெளிவாகின்றன. குணசீலன் இடையே தனித்து நிற்கின்றான். பெயரும் பெருமையும் தொடர்ந்தமை உண்மை. குருதிவழி தொடர்ந்தது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் ஒரு குடியின் பெயரை ஆயிரம் ஆண்டின் பின்னரும் ஒருவன் உரிமையோடு ஏற்றான் என்பதே அப்பெயரின் ஆற்றலைக் காட்டும். ஆதலின் மாணவர் அதியர் கொடிவழி வரையுங்கால், சான்றுள்ள இடத்துக் கோடும் இல்லாத இடத்து வெற்றிடமும் இடுதல் முறையாம். அவ்வெற்றிடத்தை நிரப்பும் கல்வெட்டு நாளை கிடைப்பின், அதனை ஏற்க இடமிருத்தல் வேண்டும்.