கடையில் ஒரு ‘இல்லை’ நோட்டு வையுங்கள்

நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரத்தில் இருப்பவன் நான். கைமுதலைக் கரைத்த ஒரு தவறைச் சொன்னால், புதுச் சரக்கு இறக்க நினைக்கும் இளைய வியாபாரிகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடை நடக்கும் பத்து நாளும் பெண்கள் கூட்டம் அலைமோதும். கேரளத்திலிருந்தும் இருமுடி கட்டி வருவார்கள். பொங்கலுக்கு அரிசி வேண்டுமே என்று கணக்குப் போட்டு, ஒரு வருடம் பச்சரிசியை ஐந்து கிலோ பைகளாகக் கட்டிக் கடைகளுக்குக் கொடுத்தேன். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. வண்டு விழுந்து, நட்டத்துக்குத் தள்ளினேன்.

காரணத்தை ஒரு அம்மாள்தான் சொன்னார். “அண்ணாச்சி, பஸ்ஸில் வந்த நான் இவ்வளவையும் சுமந்துகொண்டு எங்கே போவேன்? ஒரு பொங்கலுக்கு உள்ளதைத் தாருங்க.”

அடுத்த வருடம் அரைக் கிலோ பச்சரிசி, வெல்லம், சிறுபயறு, ஏலக்காய் எல்லாம் சேர்த்து ஒரே பையாகக் கட்டினேன். நன்றாக ஓடியது. அப்போதும், “சூடம், தீப்பெட்டி இல்லையா?” என்று கேட்டார்கள். மூன்றாம் வருடம் அவற்றையும் சேர்த்தேன். பை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதையே பெரிய அளவில் செய்து காட்டியவர் கடலூர் சி.கே. ரங்கநாதன். விலை உயர்ந்த பொருளும் ஏழைக்கு எட்ட வேண்டும் என்று சிறு பாக்கெட்டில் ஷாம்பு போட்டவர் அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன். மகன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தனியாக ‘சிக்’ ஷாம்பு தொடங்கினார். கிராமத்து மக்களுக்கு ஷாம்பு பழக்கமில்லை என்று கண்டதும், ஊர் நடுவில் ஒரு பையனை உட்காரவைத்துத் தலை கழுவிக் காட்டினார்கள். ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் சரி என்றவர்கள், பிறகு சிக் பாக்கெட் மட்டும் என்று மாற்றினார்கள். நம் பெண்கள் தலையில் பூச்சூடுகிறவர்கள் அல்லவா? மல்லிகை, ரோஜா வாசனையில் ஷாம்பு வந்தது. 1999-ல் ஐம்பது காசுக்கும் கிடைத்தது. அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யாராவது ஒரு பொருளைக் கேட்டு, நீங்கள் ‘இல்லை’ என்றால் உடனே எழுதுங்கள். வாரம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மூன்று நான்கு பேர் கேட்டதைச் சிறிதளவு மட்டும் வாங்கி வையுங்கள். ஓடினால் பெருக்குங்கள், ஓடாவிட்டால் நிறுத்துங்கள். என்னைப் போன்ற மொத்த வியாபாரியிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள். எங்களுக்கும் அதுதான் வழிகாட்டி.

குறை சொல்லும் வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காதீர்கள். அவர் திரும்பி வருகிறவர். ஒன்றும் சொல்லாமல் படியிறங்குகிறவரைத்தான் நாம் இழக்கிறோம்.