ஒரே இருக்கை, இரண்டு பயணிகள்: மென்பொருள் நிறுவனம் ஆள் எடுப்பது எப்படி?

ரெங்கம் வழியாகப் போகும் ரயிலையே எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து தெற்கே வரும் வரிசையில் சிகாமட், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய நான்கு ஊர்களுக்கும் 1, 2, 3, 4 என்று எண் கொடுங்கள். ரயில் நான்கிலும் நிற்கிறது, அதில் இருப்பது ஒரே ஓர் இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகாமட்டில் ஏறி ரெங்கத்தில் இறங்க ஒருவர் அதற்கு டிக்கெட் வாங்கிவிட்டார். இப்போது இன்னொருவர் குளுவாங்கிலிருந்து கூலாய்க்குப் போகக் கேட்கிறார். கொடுக்கலாமா? ரெங்கத்திலிருந்து கூலாய்க்குக் கேட்பவருக்கு?

முதலாமவருக்கு முடியாது, இரண்டாமவருக்கு முடியும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள். ஆனால் கணினிக்குப் 'பார்த்தவுடன்' என்பதே கிடையாது. அதற்கு விதி வேண்டும். புதியவர் ஏறும் எண் பழையவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியதாகவும், பழையவர் ஏறும் எண் புதியவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியதாகவும் இருந்தால் இரண்டு பயணங்களும் மோதும். குளுவாங் பயணிக்கு 2 என்பது 3ஐவிடச் சிறியது, 1 என்பது 4ஐவிடச் சிறியது. ஆகவே மோதல். ரெங்கம் பயணிக்கு 3 என்பது 3ஐவிடச் சிறியதல்ல. ஆகவே இருக்கை அவருக்குக் கிடைக்கும்.

மென்பொருள் நிறுவனங்களின் தேர்வறைகளில் இந்த மாதிரிக் கேள்விகள் சாதாரணம். விடை சொன்னதும் எதிரில் இருப்பவர் விட்டுவிடமாட்டார். "சரி, ஒரே இருக்கைக்கு இருவர் ஒரே விநாடியில் பொத்தானை அழுத்தினால்?" என்பார். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். நிரல் முதலாமவருக்காக இருக்கை காலியா என்று பார்க்கிறது, காலிதான். அவர் பெயரை எழுதுவதற்குள் இரண்டாமவருக்காகவும் பார்க்கிறது, இன்னும் காலிதான். இருவர் பெயரும் ஏறிவிடும். பிறகு ரயிலில் சண்டை. இதைத் தவிர்க்க, பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்க வேண்டும். ஒருவருக்கான வேலை முடியும்வரை அந்த இருக்கையைப் பூட்டி வைப்பார்கள். வங்கிக் கணக்கு, சினிமா டிக்கெட் எல்லாவற்றிலும் இந்தப் பூட்டு உண்டு.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பட்டம் தேவையா? தமிழ்நாட்டில் ஒரு நிறுவனம் தேவையில்லை என்று முடிவெடுத்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் பெயர் மாறிய ஸோஹோதான் அது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் கட்டாயமில்லை என்று இவர் சொல்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பட்டம் என்ன தரும், என்ன தராது என்பது படித்துப் பார்த்தவருக்குத்தானே தெரியும்!

2000களின் நடுவில் அந்த நிறுவனம் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளியை ஆறு மாணவர்களோடு தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களைச் சேர்த்து, கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம் சொல்லித்தருகிறார்கள். கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. படிப்புக் காலத்திலேயே நிறுவனத்தின் குழுக்களில் உண்மையான வேலையைப் பழகி, அங்கேயே பணியில் சேர்கிறார்கள்.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. 2011இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தார்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாள உதவும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கேதான் உருவானது. வேம்புவும் 2019இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறை கிராமத்தில் குடியேறினார்.

அந்த நிறுவனம் தொடங்கிய அதே 1996இல்தான் நம் நாட்டில் எம்எஸ்சி மலேசியா திட்டம் அறிவிக்கப்பட்டது. தோட்ட நிலமாக இருந்த இடத்தில் சைபர்ஜெயா நகரம் எழுந்தது. தொழில்நுட்ப வேலைகளை ஓரிடத்தில் குவித்து, அங்கே ஆட்களை வரவைப்பது ஒரு வழி. ஆட்கள் இருக்கும் ஊருக்கு வேலையைக் கொண்டுபோவது இன்னொரு வழி. ரெங்கம் மாதிரி சிறு பட்டணத்தில் ஐந்தாம் படிவம் படிப்பவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவதா, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வாடகை அறை தேடுவதா என்பதே அந்தத் தூரம்.

இதைப் படித்துவிட்டு எஸ்.பி.எம். முடிந்ததும் மேற்படிப்பு வேண்டாம் என்று வீட்டில் சண்டை போடாதீர்கள். அந்தப் பள்ளியின் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. அந்த நிறுவனத்துக்குள் அதற்கு மதிப்பு உண்டு. வெளியே போனால், விண்ணப்பத்தில் பட்டம் கேட்கும் இடங்கள் இன்னும் ஏராளம். வெளிநாட்டு வேலை அனுமதிக்கும் பல நாடுகளில் கல்வித் தகுதியைப் பார்க்கிறார்கள். ஒரே முதலாளியை நம்பி இறங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே அந்த மாணவர்கள் சேர வேண்டியிருக்கிறது.

சேர்ந்த பிறகு வேலை எப்படி இருக்கும்? நாள் முழுவதும் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று நினைத்தால் தவறு. புதிதாகச் சேர்ந்தவர் எழுதுவதைவிட வாசிப்பதே அதிகம். யாரோ எப்போதோ எழுதிவைத்த ஆயிரக்கணக்கான வரிகளைப் புரிந்துகொண்டு, அவற்றில் இரண்டு வரியை மாற்றுவதற்கு ஒரு நாள் ஆகலாம். அந்த இரண்டு வரியும் நேரே வாடிக்கையாளரிடம் போய்விடாது. லினக்ஸ் புகழ் லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் போன்ற கருவியில், யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகும். சக ஊழியர் ஒருவர் அதை வாசித்து, "ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்பார். வயதில் இளையவரும் மூத்தவரைக் கேட்கலாம். நம் வீடுகளில் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிறகு சோதனையாளர் வருவார். பெயர் எழுதும் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விடுவார், வயது கேட்டால் கழித்தல் ஐந்து என்று போடுவார், பொத்தானைப் பத்து முறை வேகமாக அழுத்துவார். நிரல் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய சம்பளத்துக்கான வேலை.

இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறது. ரயில் இருக்கைக் கணக்கைக் கொடுத்தால் சில விநாடிகளில் விடை வரும். பூட்டுப் போட மறந்துவிட்டு, சரியாக இருப்பதுபோலவே தோன்றும் விடையும் சில சமயம் வரும். ஒரே ஒருவர் சோதித்துப் பார்த்தால் அந்தப் பிழை வெளியே தெரியாது. பெருநாள் விடுமுறைக்கு டிக்கெட் விற்பனை தொடங்கி, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அழுத்தும்போதுதான் தெரியும்.