கொங்குச் சீமையில் மூன்று நாள்: அம்மாவுக்கும் விடுமுறை!

பள்ளிக்கூடத்துக்கு அரைப் பரீட்சை லீவு விட்டால் போதும், "இந்தத் தடவை எங்கே போகலாம்?" என்று குழந்தைகள் ஆரம்பித்துவிடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் என்று பட்டியல் நீளும். கோவை, திருப்பூர்ப் பக்கம் உறவினர் இருக்கிறவர்கள்கூட அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு, விடிந்ததும் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிவிடுவார்கள். நடுவில் இருக்கும் எங்கள் பல்லடம் யார் கண்ணிலும் படுவதில்லை!

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, பல்லடத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். காவிரித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஊர் முதலில் வறண்டுதான் தெரிந்தது. எந்தத் தெருவில் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம். ஊரைத் தாண்டினால் கோழிப் பண்ணைகள். பேப்பரில் கறிக்கோழி விலை பார்க்கிறீர்களே, அந்தக் கொள்முதல் விலையை அறிவிப்பதே பல்லடத்தில்தான். இப்படி உழைக்கிற ஊரில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்பீர்கள். ஊருக்குள் அதிகமில்லை, ஆனால் இங்கே தங்கிக்கொண்டு தெற்கே, மேற்கே, கிழக்கே என்று தினம் ஒரு திசையாகப் போய்ப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட சௌகரியம் வேறென்ன வேண்டும்?

போகும் முன் ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் என் நாத்தனார் சென்னையிலிருந்து ஐந்து மாதக் குழந்தையுடன் வந்திருந்தாள். பெரியவர், சிறியவர் எல்லாமாகப் பதினோரு பேர் மூன்று நாள் சுற்றினோம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை, தயிர்சாதம், இட்லி, மிளகாய்ப்பொடி. போன இடத்தில் பரிமாறுவது. வந்ததும் பாத்திரம் தேய்ப்பது. ஊருக்குக் கிளம்பும்போது, "என்னம்மா எல்லாம் பார்த்தே?" என்று அத்தை (என் மாமியார்) கேட்டார். "எல்லாரும் அருவியைப் பார்த்தாங்க, அணையைப் பார்த்தாங்க. நானும் அண்ணியும் டிபன் காரியரைத்தான் பார்த்தோம்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி அத்தை என்னிடம் சொன்னது இது: "நாலு சட்டி வெக்கறதுக்கு எங்களுக்கு நேரமேது அம்மிணி? பொழுது கெளம்பறதுக்குள்ள காட்டுல நிக்கோணும். ஒத்தச் சட்டிதான். அதுலயே அரிசி, அதுலயே பருப்பு. ஊரு சுத்தப் போறதுக்கு எதுக்கு நாலு சட்டி?"

யோசித்துப் பார்த்தால் கொங்குச் சமையலின் ரகசியமே இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் பூமி இது. மானாவாரியாகச் சோளமும் கம்பும் கொள்ளும் போட்டு, ஆணும் பெண்ணும் சமமாகக் காட்டில் பாடுபட்ட இடம். அந்தப் பெண்களுக்கு அடுப்படியில் அரை நாள் நிற்க நேரமில்லை. சாமான் கொஞ்சம், நேரம் கொஞ்சம், சத்து மட்டும் குறையாது. உல்லாசப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் உண்டா? அதன் பிறகு எங்கள் வீட்டில் வைத்த சட்டம் இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு சட்டி. மற்ற வேலை எல்லாம் பங்கு!

முதல் நாள்: தெற்கே, திருமூர்த்தி மலை

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றுவதைக் குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்றுக்கு ஆனி, ஆடியில் இங்கே தனி வேகம். உடுமலையிலிருந்து இன்னும் 20 கிலோமீட்டர் போனால் திருமூர்த்தி மலை. அடிவாரத்தில், ஒரே பாறையில் மும்மூர்த்திகளாக விளங்கும் அமணலிங்கேஸ்வரர். மேலே நடந்து ஏறினால் பஞ்சலிங்க அருவி.

பக்கத்திலேயே திருமூர்த்தி அணை. குழந்தைகளுக்கு இதைக் காட்டி ஒரு கதை சொல்லுங்கள். காமராஜர் காலத்தில் வேலை தொடங்கி, 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் தண்ணீர், மலைக்குள் குடைந்த சுரங்கமும் கால்வாயுமாக இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்துதான் பல்லடம் வட்டாரத்துக்கும் பாசனம். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கிடைக்காது. நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்து விடுவார்கள். குழாயைத் திறந்து விட்டுவிட்டு விளையாடப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

ஓர் எச்சரிக்கை. மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே அருவியில் திடீர் வெள்ளம் வந்துவிடும். வெள்ளம் கோவிலைச் சூழ்ந்த நாட்களும் உண்டு. குளிக்கத் தடை என்று சொன்னால், "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

அன்றைய சட்டி, அரிசி பருப்பு சாதம். புழுங்கலரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு முக்கால் டம்ளர் எடுத்துக் கழுவி ஊறவையுங்கள். குக்கரில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு போட்டு வதக்குங்கள். மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, 7 டம்ளர் தண்ணீர் விட்டு, கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடுங்கள். மூன்று விசில் போதும். சூட்டோடு ஒரு கரண்டி நெய். அரிசியும் பருப்பும் சேரும்போது ஒன்றில் குறையும் புரதச் சத்தை மற்றது ஈடுகட்டுவதால், வளரும் குழந்தைகளுக்கு இது முழுச் சாப்பாடு. காலை எட்டு மணிக்கு மூடினால் பன்னிரண்டுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வெயிலில் அதற்கு மேல் தாங்காது. துணைக்குத் தயிர் கொண்டுபோக வேண்டாம். ஆறிய பாலில் ஒரு ஸ்பூன் தயிர் கலந்து எடுத்துப் போனால், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் இருக்கும்.

இரண்டாம் நாள்: மேற்கே, பொள்ளாச்சி வழி

பொள்ளாச்சியை நெருங்கும்போதே கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தென்னந்தோப்புகள் தொடங்கிவிடும். பொள்ளாச்சி இளநீரின் பெருமை தெரியாதவர் உண்டா? பிளாஸ்க்கும் ஜூஸ் பாட்டிலும் தூக்க வேண்டாம். வழியில் நிறுத்தி ஆளுக்கொன்று வெட்டச் சொல்லுங்கள். ஆனால் ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு இளநீரும் கூடாது, தண்ணீரும் கூடாது. வெயில் காலத்திலும் தாய்ப்பாலே போதும். அடிக்கடி கொடுக்க வேண்டும், அதுதான் விஷயம்.

பொள்ளாச்சியைத் தாண்டி ஆனைமலையில் மாசாணியம்மன், படுத்த கோலத்தில். மனக்குறை உள்ள பெண்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவது இங்கே வழக்கம். நான் போகும்போதெல்லாம் அந்த வரிசையைச் சற்று நின்று பார்ப்பேன். வீட்டில் சொல்ல முடியாததை அம்மனிடம் சொல்ல எத்தனை பேர் வருகிறார்கள்!

அங்கிருந்து ஆழியாறு அணை. கீழே பூங்காவில் பாய் விரித்துப் போட்டால் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லாமல் உட்காரலாம். மேலே வால்பாறைச் சாலையில் குரங்கு அருவி. பெயருக்கேற்ப குரங்குகள் கையிலிருப்பதைப் பறித்துவிடும். தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதியில்லை. நம் மஞ்சப் பைதான் சரி. வால்பாறை வரை போனால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் புரட்டும் குழந்தைகள் இருந்தால் அருவியோடு திரும்பிவிடுவதே உத்தமம்.

அன்று சமையல் காலையில் இல்லை, ராத்திரிதான். அதுவும் சந்தகை! ஊறவைத்த புழுங்கலரிசியை நைசாக அரைத்து, இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். பிழியக் கைப்பலம் வேண்டுமே! கொங்கு வீடுகளில் இதற்கு ஆண்களைக் கூப்பிடுவது வெகு சகஜம். என் வீட்டுக்காரர் பிழிய, பையன் தட்டு நீட்ட, தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலக்காயும் கலப்பது மட்டும் என் வேலை. மீந்த சந்தகையில் எலுமிச்சை பிழிந்து தாளித்தால் மறுநாள் காலை டிபனும் ஆயிற்று.

மாமிசம் சாப்பிடுகிறவர்கள் ஒரு வேளை ஓட்டலில் பள்ளிபாளையம் சிக்கன் கேட்டுப் பாருங்கள். ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் அக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரைக் கொண்டது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு. மசாலாப் பொடி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குழந்தைகளுக்கு மிளகாயை ஒதுக்கிக் கொடுங்கள்.

மூன்றாம் நாள்: கிழக்கே, காங்கேயம் சுற்றி

திருச்சி சாலையில் கிழக்கே போனால் காங்கேயம். வழியில் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள், கொரங்காடு என்பார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, மழையை மட்டுமே நம்பியிருக்கும் இந்தப் புல்வெளியில்தான் காங்கேயம் மாடுகள் வளர்கின்றன.

அருகே சிவன்மலை முருகன். இங்கே 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' விசேஷம். பக்தர் ஒருவர் கனவில் முருகன் சொன்ன பொருளை, பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். இப்போது என்ன இருக்கிறதோ என்று குழந்தைகளை ஊகிக்கச் சொல்லுங்கள்; படியேறும் சிரமமே தெரியாது!

திரும்பும்போது ஊத்துக்குளி. வெண்ணெய்க்கும் நெய்க்கும் பேர்போன ஊர். கால் கிலோ வெண்ணெய் வாங்கி வீட்டில் முருங்கைக்கீரைக் கொழுந்து போட்டுக் காய்ச்சிப் பாருங்கள், வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.

மாலையில் திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம். இது 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே வந்து இறங்குகிறது என்றால் பாருங்களேன்! அக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். காசு செலவில்லாமல், சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அன்றைக்குச் சட்டியே வேண்டாம். முதல்நாள் ராத்திரி கம்பஞ்சோற்றை உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் கிளம்பலாம். கம்பில் இரும்புச் சத்து உண்டு. சோகை பிடித்த நம் பெண்களுக்கு நல்லது. வழியில் கொறிக்க, அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட கச்சாயம் இரண்டு நாள் முன்பே செய்து டப்பாவில் வைத்துவிடலாம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கொள்ளு ரசமும் சுட்ட அப்பளமும். அலைந்த உடம்புக்கு அதுவே மருந்து.

கிளம்பும் முன்...

- ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, ஜுர மருந்து, ஒரு மாற்றுத் துணி. இவை தனிப் பையில் இருக்கட்டும்.
- காய்ச்சி ஆறிய தண்ணீர் வீட்டிலிருந்தே போகட்டும். அதைத் தூக்குவது அப்பா வேலை!
- 2015-லிருந்து தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்ட அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன. கூச்சப்படாமல் விசாரித்துப் பயன்படுத்துங்கள்.
- பல்லடத்தில் ரயில் நிலையம் இல்லை. திருப்பூரில் இறங்கினால் 15 கிலோமீட்டர்தான்.
- பாய் விரிப்பது ஒருவர், பரிமாறுவது ஒருவர், பாத்திரம் ஒருவர். இந்தப் பட்டியலை வீட்டிலேயே எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே கதவைப் பூட்டுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம், சகோதரிகளே. மற்றதையெல்லாம் மறந்தாலும் அதை மறக்காதீர்கள். குழந்தைகள் வளர்ந்த பிறகு அந்தப் பயணத்தை நினைத்துப் பார்க்கும்போது, அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்தாள் என்பது அவர்கள் ஞாபகத்தில் இருக்க வேண்டாமா?

இந்த அரைப் பரீட்சை லீவுக்கே ஒறம்பரையாக வாங்க. ஒத்தைச் சட்டி காத்திருக்குதுங்க!