குருவிக்குப் பதில் டெலிபோன் மணி

1988இல் அமெரிக்காவின் சியரா நிறுவனம் 'கிங்ஸ் க்வெஸ்ட் 4' என்ற சாகச விளையாட்டை வெளியிட்டது. அதுவரை ஐபிஎம் வகைக் கணினி விளையாட்டு என்றால் இசை பெரும்பாலும் ஒற்றைக் குரலில் கீச்சிடும் 'பீப்' சத்தம்தான். இந்த விளையாட்டுக்கோ, திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்துவந்த வில்லியம் கோல்ட்ஸ்டீனைப் பிடித்து இசை எழுதவைத்தார்கள். அதை முழுமையாகக் கேட்க, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த எம்டி-32 என்ற இசைப்பெட்டி வேண்டும். அன்றைய விலை ஏறக்குறைய 700 டாலர். விளையாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை விளம்பரத்தில் பார்த்ததோடு சரி.

இன்று அந்தப் பெட்டி இல்லாமலே அந்த இசையைப் பிடித்துவிடலாம். பழைய டாஸ் விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்8 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். விளையாட்டு இசைப்பெட்டிக்கு அனுப்பும் மிடி கட்டளைகள் ஒரு கோப்பில் வந்து விழும். 1983இல் அறிமுகமான மிடி முறையில் ஒலி என்பதே கிடையாது. எந்தச் சேனலில் எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. ஒலி எழுப்புவது பெட்டியின் பொறுப்பு. பிடித்த பிறகு வயலினை மட்டும் எடுத்துவிடவும், ஒரே ஒரு சுரத்தை மாற்றவும் முடிவது இதனால்தான்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விளையாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பதிவை முடுக்கினால், வந்த கோப்பில் எல்லாமே பியானோவாக ஒலிக்கலாம். இந்தச் சேனலுக்குப் புல்லாங்குழல், அந்தச் சேனலுக்கு வயலின் என்ற கட்டளைகள் தொடக்கத்திலேயே போய்விட்டிருக்கும். வாத்திய எண் கிடைக்காத சேனல் பியானோவில் நின்றுவிடும். எம்டி-32 விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. பெட்டியில் இல்லாத புதிய வாத்திய ஒலிகளையே விளையாட்டுகள் அதன் நினைவகத்தில் ஏற்றிவிடும். பெட்டியின் முகப்பில் இருபது எழுத்து கொள்ளும் சின்னத் திரை ஒன்று உண்டு. 'ஸ்பேஸ் க்வெஸ்ட் 3' அதில் காசு போடச் சொல்லிக் கேலி செய்யும். அந்தக் கேலியும் மிடி கட்டளையாகத்தான் போகிறது. ஆகவே விளையாட்டைத் திறக்கும் முன்பே பதிவை முடுக்கிவிடுவது நல்லது.

பிடித்த கோப்பை இன்றைய கணினியில் போட்டால் அடுத்த வேடிக்கை. 1991இல் 'ஜெனரல் மிடி' என்ற பொது விதி வந்து, 128 வாத்தியங்களுக்கும் எண்களை நிலைநிறுத்தியது. எம்டி-32 அதற்கு முந்தியது. அதன் வரிசை வேறு. அதில் 53ஆம் எண் வயலின். பொது விதியில் அதே எண் மனிதக் குரல்களின் 'ஆ'. 123ஆம் எண்ணில் முழு இசைக்குழுவும் ஒரே நேரத்தில் அதிரும். புதிய பட்டியலில் அங்கே கடலலை. 125இல் குருவி கத்தும்; புதியதில் டெலிபோன் மணி அடிக்கும். எண்களை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. சுரத்தை வளைக்கும் கட்டளைக்கு எம்டி-32இல் இயல்பான எல்லை பன்னிரண்டு அரைச்சுரம், பொது விதியில் இரண்டு. ஒரு ஸ்தாயி முழுக்கச் சறுக்க வேண்டிய இடம் லேசான நெளிவாகச் சுருங்கிவிடும். இடது வலதுகூடத் தலைகீழ்.

இத்தனையும் திருத்துவதைவிட, எம்டி-32ஐயே மென்பொருளாகப் போலச்செய்யும் 'முன்ட்' மூலம் கேட்பது அசலுக்கு நெருக்கமானது. எண்களை மாற்றிய பிரதி வசதிக்கானது, அவ்வளவுதான்.

இசைக்குறிப்பாக அச்சிட நினைப்பவருக்குத் தலைவலி வேறு. டாஸ்பாக்ஸுக்குப் பாட்டின் தாளம் தெரியாது. எந்தப் பாட்டானாலும் நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு 500 துளி என்ற கணக்கில் எழுதிவிடும். அதாவது ஒரு துளி ஒரு மில்லிவினாடி. கேட்கும்போது குறை தெரியாது. இசைக்குறிப்பாக விரித்தால், கடிகாரத்தைப் பார்த்துத் தாளம் போட்டவர் எழுதியதுபோல, சுரங்கள் கட்டத்துக்குள் நிற்காமல் சிதறிக் கிடக்கும். மருந்து எளிது: ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். 600 மில்லிவினாடி என்றால் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100. கோப்பின் தலைப்பில் 500ஐ 600 ஆக்கி, வேகத்தை 100 என்று எழுதினால் ஒரு துளி அப்போதும் ஒரு மில்லிவினாடியே. ஒலி இம்மியும் மாறாது. முதல் சுரத்தை முதல் தட்டில் நிறுத்திவிட்டால் கோடுகள் ஒழுங்காக வந்து அமரும். சுரங்களைத் தானாகவே கட்டத்தில் ஒட்டவைக்கும் வசதி பெரும்பாலான மிடி திருத்திகளில் இருக்கிறது. அதை அளவோடு பயன்படுத்த வேண்டும். வேகமான உருட்டுகளையும் தொட்டுச் செல்லும் சுரங்களையும் அது தட்டையாக்கிவிடும்.

சில்லறை வேலைகளும் உண்டு. காலடி, கதவுச் சத்தங்களையும் அதே பெட்டியில் ஒலிக்கவிட்ட விளையாட்டுகள் இருந்தன. அவற்றைக் களைய வேண்டும். பதிவைப் பாதியில் நிறுத்தியதால் 'நிறுத்து' கட்டளை கிடைக்காமல் இழுத்துக்கொண்டே நிற்கும் சுரங்களை முடித்துவைக்க வேண்டும். 1993இல் வந்த 'டூம்' போன்றவற்றுக்கு இந்தப் பாடே தேவையில்லை. இசையமைப்பாளர் பாபி பிரின்ஸின் இசை அதன் தரவுக் கோப்பிலேயே மிடியின் சுருங்கிய வடிவில் இருக்கிறது; நேராக எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

நிஜமான சவால் 1991இல் வெளியான 'மங்கி ஐலண்ட் 2'. லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐம்யூஸ் என்ற முறை, ஆடுபவர் செய்வதைப் பார்த்து இசையைத் திருப்பிவிடும். வுட்டிக் ஊரில் நாயகன் கைபிரஷ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அதே மெட்டு வேறு அலங்காரத்துக்கு நழுவும். வெளியே வந்தால் இணைப்புச் சுரங்களோடு பழைய இடத்துக்குத் திரும்பும். எங்கே நுழைந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பதிவும் வேறு. அங்கே பதிவாவது ஒருவர் ஒரு நாள் ஆடிய ஆட்டம். இசையமைப்பாளர் எழுதிய முழு வடிவம் அல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பதிந்து துண்டுகளை ஒட்டலாம். ஒட்டும் வரிசை திருத்துபவரின் முடிவு. அனுபவசாலிகள் மூலப் பதிவைத் தொடாமல் ஒதுக்கிவைத்து, பிரதியில்தான் கைவைக்கிறார்கள். எதை வெட்டினோம், எதை ஒட்டினோம் என்பதை அந்தக் கோப்பிலேயே எழுதிவைக்கவும் மிடியில் இடமுண்டு.