முல்லைப்பாட்டின் யானையும் திரையின் யானைச் சிறுவனும்

1937இல் வெளிவந்த ‘எலிஃபண்ட் பாய்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம், ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ (1894) தொகுப்பிலுள்ள டூமாய் கதையைத் தழுவியது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, சோல்டான் கோர்டா ஆகியோர் இயக்கிய இப்படத்தின் காட்டுக் காட்சிகள் மைசூர் அரசில் படமாக்கப்பட்டன. டூமாயாக நடித்த சாபு யானைப்பாகர் ஒருவரின் மகன். கபினி ஆற்றங்கரையிலுள்ள காராப்பூரில் பிறந்தவர். கபினி காவிரியொடு கலப்பது. அக்காவிரி கடலொடு கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனாரும் தம் முல்லைப்பாட்டில் யானையையும் அதற்கு உணவூட்டும் இளைஞரையும் காட்டுகிறார். இரு படைப்புகளிலும் யானை மறுக்கிறது. அம்மறுப்பை அவை விளக்கும் முறையே வேறு.

திரைப்படத்தில் டூமாயின் தந்தையைப் புலி கொன்றபின், காலா நாக் என்னும் யானை துயரத்தால் கட்டுக்கடங்காது போகிறது. சிறுவனின் குரலே அதனைத் தணிக்கிறது. புதிதாக வந்த பாகன் அதனைக் கொடுமைப்படுத்தவே, டூமாய் யானையுடன் காட்டுக்குள் செல்கிறான். ஆக, மறுப்புக்குக் காரணமும் உண்டு. அன்பு என்னும் தீர்வும் உண்டு.

103 அடிகளில் அமைந்த முல்லைப்பாட்டில் இவ்விரண்டும் இல்லை. பாசறை நாற்சந்தியில் காவல் நிற்கும் யானை, கரும்பும் நெற்கதிரும் அதிமதுரத் தழையும் சேர்த்துக் கட்டிய உணவை உண்ணாது, அதனால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறது. பின் துதிக்கையைக் கொம்பின்மேல் இட்டு நிற்கிறது. கல்வியறியாத இளைஞர் வடமொழிச் சொற்களைப் பலகால் கூறி, கவைமுட் கருவியால் குத்திக் கவளம் ஊட்டுகின்றனர். இங்கு ‘இளைஞர்’ குழந்தைகள் அல்லர், பணிசெய்யும் இளையர். யானை ஏன் உண்ணவில்லை என்பதைப் புலவர் கூறவில்லை. வயல்வளம் முழுவதும் முன்னிருந்தும் அது உண்ண மறுப்பதை மட்டும் காட்டுகிறார்.

இவ்வேறுபாடு ஒரு மதிப்பீட்டுச் சிக்கலைத் தெளிவாக்குகிறது. திரைப்படம் வன்முறையைத் தீய பாகன் ஒருவன்மேல் ஏற்றுகிறது. அவன் விலகினால் யானையைப் பழக்கும் தொழில் குற்றமற்றதாகிவிடும். முல்லைப்பாட்டிலோ தீயவர் எவருமிலர். உணவூட்டும் கையும் குத்தும் கையும் ஒருவருடையனவே. யானைக்கும் மனிதருக்குமான உறவை அன்பின் வரலாறாக மட்டும் எழுதுவோர் கருதவேண்டிய சான்று இது. பழக்கப்பட்ட யானைக்கும் தனக்கென ஒரு விருப்பம் உண்டு என்பதை, அதன் உள்ளத்தை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமலேயே நப்பூதனார் பதிவுசெய்துள்ளார்.