பேர் தெரியாத சாமான்கள்: ஒரு பழைய புல்லட்டை முன்வைத்து

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கக் கிளம்பிய எல்லோருக்கும் ஒரு டப்பா வந்து சேரும். பெயிண்ட் டப்பாவோ, ஹார்லிக்ஸ் பாட்டிலோ, பிஸ்கட் தகரமோ ஏதோ ஒன்று. உள்ளே போல்ட்டு, நட்டு, ஸ்பிரிங், வளைந்த கம்பி, எதற்கென்று தெரியாத லீவர். வண்டியில் இவை எங்கே இருந்தன என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார். இந்த அநாமதேயங்களை எப்படி அடையாளம் காண்பது என்பதை, எனக்குத் தெரிந்த ஒரே வண்டியான புல்லட்டை வைத்துச் சொல்கிறேன்.

என் கைக்கு வந்தது அண்ணாவின் 1968ஆம் வருடத்து என்ஃபீல்டு புல்லட், 350 சி.சி. டெல்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தபோது வாங்கியது. அவர் காலமான பிறகு மன்னி வண்டிச் சாவியோடு இரண்டு பெயிண்ட் டப்பாக்களையும் கொடுத்தார். "இதையும் எடுத்துண்டு போங்கோ. உங்க அண்ணா ஒரு ஆணியைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை" என்றார். கொட்டி எண்ணினேன். 143 உருப்படி.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

காயலான் கடையில் போட்டுவிட்டு, கரோல்பாக் நாயிவாலா தெருவில் புதுச் சாமான் வாங்கினால் வேலை சுலபமாக முடியுமே என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது சட்டம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 'வின்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி, அசல் நிலையில் பராமரிக்கப்பட்டிருந்தால் அந்தப் பிரிவில் பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு எடுக்கலாம். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி தலைநகரில் ஓடக்கூடாது என்று 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2018ல் உச்ச நீதிமன்றமும் சொன்னதைப் பார்த்தவர்களுக்கு, பழைய வண்டிக்கு இந்த வழி எவ்வளவு பெரிது என்று தெரியும். அப்படியானால் எது அசல், எது பிற்காலத்து ஒட்டு என்று நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது உயிர். 'கிட்டத்தட்ட' பொருந்தும் போல்ட்டை பிரேக்கிலோ சக்கரத்திலோ மாட்டுவது விளையாட்டல்ல.

காந்தமும் மண்ணெண்ணெயும்

முதல் வேலை கழுவுவது. ஆனால் கழுவுவதற்கு முன்னால் ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட வேண்டும். கரி படிந்த சாமான், வெடிப்பு நடக்கும் இடத்துக்கோ புகை போகும் வழிக்கோ பக்கத்தில் இருந்தது. கெட்டியான கிரீஸ் என்றால் சக்கரமோ ஹேண்டில் பாரோ. மெல்லிய எண்ணெய்ப் பசை என்றால் எஞ்சின் உள்பக்கம். மண்ணெண்ணெயில் போட்டால் இந்தச் சாட்சியெல்லாம் கரைந்துவிடும். பிறகு காந்தம்: ஒட்டினால் இரும்பு, எஃகு, ஒட்டாவிட்டால் பித்தளை, வெண்கலம், அலுமினியம். வெண்கல வளையம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு தண்டு சுழன்ற புஷ்.

மரை சொல்லும் ஊர்

போல்ட்டின் மரை அதன் சொந்த ஊரைச் சொல்லிவிடும். புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தயாரிப்பு வேரூன்றியது. 1956ல் நம் நாடு மெட்ரிக் அளவைக்குச் சட்டம் கொண்டுவந்தும், வண்டியின் மரைகள் அங்குலக் கணக்கிலேயே நீடித்தன. அதிலும் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் த்ரெட் என்று மூன்று குடும்பங்கள். முதல் இரண்டில் மரைப் பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. சைக்கிள் த்ரெட்டிலும் மெட்ரிக்கிலும் 60.

இங்கேதான் சிக்கல். கால் அங்குல சைக்கிள் த்ரெட் போல்ட்டின் பருமன் 6.35 மி.மீ.; அங்குலத்துக்கு 26 மரை. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் எம்6 போல்ட்டின் பருமன் 6 மி.மீ.; அங்குலத்துக்கு 25.4 மரை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். கால் அங்குலத் துளையில் எம்6 வழுக்கிக்கொண்டு போகும், 'அடடா, பொருந்திட்டுதே' என்று மனசு குளிரும். முறுக்கி இறுக்கினால் அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். இதற்கு நேர்மாறு 5/16 பி.எஸ்.எஃப். பருமன் 7.94 மி.மீ., 22 மரை. அதன் துளையில் எம்8 போல்ட் இரண்டு சுற்று போய் முரண்டு பிடிக்கும். நீளமான ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டினால் துளை போச்சு.

ஆகவே ஒரு வெர்னியர் காலிப்பரும், விசிறி மடிப்புபோல் விரியும் த்ரெட் கேஜும் வாங்கிவிடுங்கள். அங்குல கேஜ் தனி, மெட்ரிக் கேஜ் தனி. என் 143ல் பாதிக்கு மேல் இந்த இரண்டு கருவிகளாலேயே பிரிந்துவிட்டது.

எண்கள்

பேரிங்கில் பொறித்த எண் ஒரு ஜாதகம். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மி.மீ. இந்தக் கணக்கு 04 முதல் பொருந்தும். 03 மட்டும் 17 மி.மீ., 02 என்றால் 15. லூகாஸ் கம்பெனியின் பழைய இங்கிலாந்துச் சாமான்களில் தயாரித்த மாதமும் ஆண்டும் பெரும்பாலும் குத்தியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் அச்சின் எண். ஒரே அச்சில் வார்த்ததைக் கடைந்து இரண்டு மூன்று விதமான பாகங்கள் செய்திருப்பார்கள். பிறகு குத்திய எண்ணே பாகத்துக்கு நெருக்கமானது.

தேய்மானம்

கிணற்றுக் கல்லில் கயிறு இழுத்த தடம் மாதிரி, ஒவ்வொரு உருப்படியிலும் அது செய்த வேலையின் தடம் இருக்கும். கரோல்பாக்கில் வயதான பஞ்சாபி மெக்கானிக் ஒருவர் இந்தியில் சொன்னது இது: "சாப், பேரைக் கேட்காதீங்க. எங்கே தேய்ஞ்சிருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். குட்டிக் காளான் போன்ற ஒரு வால்வு. எஞ்சின் வால்வாக இருக்க முடியாத அளவு சின்னது. தலையில் மட்டும் கரி. அது சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் டீகம்ப்ரசர். கிக்கர் மிதிக்கும் முன் அழுத்தத்தை வெளியே விடுவது. இன்னொன்று சின்ன லீவர், மிதி படும் முனை மட்டும் பளபளத்தது. அது நியூட்ரல் ஃபைண்டர். முதல் கியர் தவிர எந்தக் கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. ஆப்பு வடிவ ரப்பர் துண்டுகள் பின்சக்கர ஹப்பில் அதிர்ச்சி தாங்குபவை. கம்பளித் துணி மாதிரி இருந்த சாம்பல் நிற வளையங்கள், சக்கர பேரிங்குக்கு தூசி போகாமல் தடுக்கும் ஃபெல்ட்.

வளைந்த பெரிய லீவர் ஒன்று எங்கும் ஒட்டவில்லை. மரை மெட்ரிக். கிக்கர் மாதிரியும் இருந்தது, கியர் லீவர் மாதிரியும் இருந்தது. புல்லட்டில் இவை இரண்டும் தனித்தனி. ஒரே லீவர் இரண்டு வேலையும் செய்வது மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த ஜாவாவிலும் எஸ்டியிலும். மன்னியிடம் கேட்டேன். "ஆமாம், கீழ் ஃபிளாட்டில் ஜாவா வச்சிருந்தா. ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் வாசல்லேயேதான்" என்றார். அது பக்கத்து வீட்டு விருந்தாளி!

முக்கியமானது இரண்டாவது டப்பாவின் அடியில் இருந்தது. செய்தித்தாளில் சுற்றிய அமால் கார்புரேட்டரின் உடம்பு. வண்டியில் மாட்டியிருந்தது பிற்காலத்து மிக்கார்ப். அண்ணா மாற்றியபோது பழையதை எறியவில்லை. அசலைத் தேடி நான் ஊர் ஊராக எழுதிப்போட வேண்டிய வேலை மிச்சமாயிற்று. அதன் ஜெட், மிதவை, ஊசி எல்லாம் முதல் டப்பாவில் பேர் தெரியாமல் கிடந்தவைதான்.

வீட்டில் பழைய வண்டி இருந்தால்

கழற்றும்போதே படம் எடுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, பையில் ஒரு சீட்டு: எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எத்தனை வாஷர். கம்பெனியின் பாகங்கள் புத்தகத்தில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படங்கள் இருக்கும்; நகல் கிடைத்தாலும் வாங்குங்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உள்ள இடத்தில் அரம், உப்புத்தாள் எதுவும் படக்கூடாது, அவை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் போகாவிட்டால் மற்ற எந்த அசலும் உதவாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டியை ஓட்டியவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் உட்காருங்கள். காலிப்பரும் கேஜும் வைத்து எனக்கு ஏழு மாதம் பிடித்ததை, அண்ணா காபி ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்.